வெளியே போ!

1942-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் நமது தேசம் அந்நிய ஆட்சியை நோக்கி, "வெளியே போ!" என்று சொல்லிற்று. பம்பாயில் அகில இந்தியக் காங்கிரஸ் கமிட்டி அந்தத் தீர்மானத்தை நிறைவேற்றிப் பொழுது விடிவதற்குள் மகாத்மா காந்தி உள்ளிட்ட தலைவர்கள் சிறைப்பட்டார்கள். தமிழ்நாட்டிலிருந்து அந்தக் கூட்டத்துக்குச் சென்றிருந்த ஸ்ரீ காமராஜர் ரயில் ஏறித் திரும்பினார். சென்னையில் போலீஸார் காத்திருப்பார்கள் என்று ஊகித்து அரக்கோணத்திலேயே இறங்கிவிட்டார். ஊர் ஊராகப் போய்த் தொண்டர்களைக் கண்டு சேதியைச் சொன்னார். கடைசியில் சொந்த ஊராகிய விருதுநகருக்கு வந்து சேர்ந்து, எடுத்த காரியம் முடிந்ததென்ற நிம்மதியுடன் கைதாகிச் சிறை சென்றார்.

"வெளியே போ!" என்று சொல்வதற்குத் தேசத்துக்கு உரிமை இருந்தது. வீடு நம்முடையது, உள்ளே புகுந்து அதிகாரம் செய்தவன் அந்நியன். நியாயம் மிகவும் தெளிவாயிருந்தபடியால் ஐந்து வருஷத்தில் அவன் போயும் விட்டான்.

அதே விருதுநகர் ஜில்லாவில் அதே இரண்டு வார்த்தைகள் இன்றைக்கும் இரவு வேளைகளில் கேட்கின்றன. சொல்கிறவன் புருஷன், கேட்கிறவள் மனைவி. இந்த ஜில்லாவின்மீது மட்டும் நாம் குறை சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். 2019–21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள மணமான ஸ்திரீகளில் நூற்றுக்கு 38 பேர் தம் கணவரின் அடியையோ வேறு பலாத்காரத்தையோ எப்போதாவது அனுபவித்தவர்கள். இந்தியா முழுவதற்கும் அந்தக் கணக்கு நூற்றுக்கு 29. கல்வியிலும் கைத்தொழிலிலும் நாம் தேசத்துக்கு முன்னால் நிற்பதாகப் பெருமைப்படுகிறோம். இந்த ஒரு விஷயத்திலும் முன்னால் நிற்கிறோம் என்பதைச் சொல்லிக்கொள்ள வெட்கமாயிருக்கிறது.

இன்னும் வெட்கப்படவேண்டிய செய்தி ஒன்றும் அந்தக் கணக்கிலேயே இருக்கிறது. அடிபட்ட பெண்களில் யாரிடமாவது உதவி கேட்டவர்கள், தேசம் முழுவதிலும் எடுத்துக்கொண்டால், நூற்றுக்குச் சுமார் 14 பேர்தான். மற்றவர்கள் ஏன் கேட்கவில்லை? கேட்டால் என்ன கிடைக்கும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை என்பதே ஒரு முக்கியமான காரணம் என்று நாம் கருதுகிறோம். அதைச் சொல்வதற்காகவே இந்த வாரப் பக்கங்களை ஒதுக்கியிருக்கிறோம்.

வீடு யாருடையது?

சிவகாசிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒருத்தி இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், அவளைப் போல் பலர் இருப்பதால் எந்தப் பெயரும் பொருந்தும். பொழுது விடிந்ததும் பட்டாசு ஆபீஸின் பஸ் ஊர் எல்லைக்கு வந்து நிற்கும். (அந்தச் சீமையில் ஆலையை ஆபீஸ் என்று சொல்வதுதான் வழக்கம்.) அதற்குள் சமைத்து, குழந்தைகளைப் பள்ளிக்கூடத்துக்குத் தயார் செய்து, தூக்குச் சட்டியுடன் அவள் ஏறிக்கொள்ள வேண்டும். பகல் முழுவதும் உட்கார்ந்து சரம் பின்னுகிறாள், அல்லது திரி செருகுகிறாள். எத்தனை பின்னினாளோ அத்தனைக்குக் கூலி. வாரக் கடைசியில் அது கைக்கு வருகிறது. வீட்டு வாடகை, அரிசி, சீட்டுப் பணம் எல்லாம் பெரும்பாலும் அந்தக் கூலியிலிருந்துதான் நடக்கின்றன.

கூலி வந்த இரவில் புருஷன் அந்தப் பணத்தைக் கேட்கிறான். கொடுத்தால் அது மதுக் கடைக்குப் போய்விடும். கொடுக்காவிட்டால் அடி விழும். அடிக்குப் பிறகு வருகிறது அந்த உத்தரவு: "வெளியே போ!" அவள் குழந்தையை இடுப்பில் எடுத்துக்கொண்டு வாசலில் போய் நிற்கிறாள். வாடகை கொடுத்தவள் தெருவில் நிற்க, வாடகையைக் குடித்தவன் உள்ளே படுத்துறங்குகிறான்.

அக்கம் பக்கத்தார் கெட்டவர்கள் அல்ல. வந்து சமாதானம் சொல்கிறார்கள். "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்கிறாள் ஒரு பாட்டி. "கல்லானாலும் கணவன்" என்று ஆரம்பிக்கிறார் ஒரு பெரியவர். பழமொழிகளில் நமக்கு மதிப்பு உண்டு. ஆனால் இந்த இரண்டு பழமொழிகளையும் அடிபட்டவர்கள் உண்டாக்கியிருக்க மாட்டார்கள் என்பது நமது உறுதியான அபிப்பிராயம்.

விடிந்ததும் அவளுக்கு மூன்று வழிகள் தோன்றும். பேசாமல் உள்ளே போய்விடுவது ஒன்று. பிறந்த வீட்டுக்குப் போவது ஒன்று. அங்கே தம்பிக்குக் கல்யாணமாகி இடமில்லை. போலீஸில் பிராது கொடுப்பது மற்றொன்று. அவனை ஜெயிலில் போட்டால் நாளைக்கு மாமியாரும் நாத்தனாரும் ஊராரும் என்ன சொல்வார்கள், குழந்தைகளின் தகப்பனார் ஆயிற்றே என்ற தயக்கம். ஆகையால் பெரும்பாலோர் முதல் வழியையே பின்பற்றுகிறார்கள்.

நாலாவது வழி ஒன்று உண்டு. 2006-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 26-ஆம் தேதி முதல் அது இந்த நாட்டில் அமலில் இருக்கிறது.

மூன்று சட்டங்கள்

இந்த நாலாவது வழி எவ்வளவு புதிய வழி என்பதை அறிவதற்கு, முன்னால் இருந்தவற்றைச் சற்றே திரும்பிப் பார்க்க வேண்டும்.

சுதந்திரத்துக்கு ஒரு வருஷம் முன்பு, 1946-இல், ஹிந்து மணமான ஸ்திரீகளின் தனிவாச, ஜீவனாம்சச் சட்டம் வந்தது. கூட வாழ்வது ஆபத்து என்று சொல்லத்தக்க அளவுக்குக் கணவன் கொடுமை செய்தால், மனைவி தனியே வாழலாம். அவன் ஜீவனாம்சம் தரவேண்டும் என்றது அது. அந்தக் காலத்துக்கு அது பெரிய முன்னேற்றந்தான். ஆனால் அது தந்தது வீட்டை விட்டுப் போகும் உரிமை. கொடுமை செய்தவன் இருந்த இடத்திலேயே இருப்பான். பட்டவள் மூட்டையைக் கட்டவேண்டும். பின்னர் 1956-ஆம் வருஷத்துச் சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது.

1983-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 498-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. மனைவியைக் கொடுமை செய்யும் புருஷனுக்கும் அவனைச் சேர்ந்தவர்களுக்கும் மூன்று வருஷம் வரை சிறை விதிக்கலாம் என்றது அது. 2024 ஜூலை முதல் அமலுக்கு வந்துள்ள பாரதீய நியாய சன்ஹிதாவில் அதுவே 85-வது பிரிவாயிருக்கிறது. அது தந்தது தண்டிக்கச் செய்யும் உரிமை. ஆனால் வழக்கு நடந்து தண்டனை கிடைக்கும் வரையில் அவள் எந்தக் கூரையின் கீழ் படுப்பாள் என்பதைப் பற்றி அந்தப் பிரிவு ஒன்றும் சொல்லவில்லை.

2002-இல் மத்திய சர்க்கார் வேறொரு மசோதாவைக் கொண்டு வந்தார்கள். வழக்கமாக அடித்தால்தான் குற்றம் என்ற தோரணையில் அது எழுதப்பட்டிருந்தது. தன்னையோ தன் சொத்தையோ காப்பாற்றுவதற்காகச் செய்ததென்று புருஷன் தப்பிக்கவும் அதில் ஒரு சந்து வைக்கப்பட்டிருந்தது. பெண்களுக்காக உழைத்த வக்கீல்களும் மாதர் சங்கங்களும் அதைக் கடுமையாகக் கண்டித்தார்கள். அந்த மசோதா போய், 2005-இல் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் நிறைவேறிற்று.

அந்தச் சட்டத்தின் 17-வது பிரிவு ஒரு பெரிய விஷயத்தைச் சில வரிகளில் சொல்கிறது. குடும்பமாக வாழ்ந்த வீட்டில் பெண்ணுக்கு அந்த வீட்டின்மேல் சொத்துரிமை இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, அங்கே வசிக்க அவளுக்கு உரிமை உண்டு. சட்ட முறைப்படியன்றி அவளை வெளியேற்றக் கூடாது. 1946-ஆம் வருஷத்துச் சட்டம் அவளுக்கு வெளியேறும் உரிமையைக் கொடுத்தது. 2005-ஆம் வருஷத்துச் சட்டம் வெளியேறாமல் இருக்கும் உரிமையைக் கொடுத்தது. இந்த வித்தியாசத்தை நேயர்கள் மனத்தில் வாங்கிக்கொண்டால் இந்தக் கட்டுரையின் முக்கால் பங்கு முடிந்துவிட்டது.

மாமனார் பெயரில் இருக்கும் வீடாயிற்றே என்று சிலர் ஆட்சேபிப்பார்கள். இந்த ஆட்சேபத்தைச் சுப்ரீம் கோர்ட்டே ஒரு காலத்தில் ஏற்றுக்கொண்டிருந்தது. ஆனால் 2020 அக்டோபரில் அதே கோர்ட்டு, மூன்று நீதிபதிகள் கூடி அளித்த தீர்ப்பில், பழைய கருத்தை மாற்றிவிட்டது. கணவனின் உறவினர்க்குச் சொந்தமான வீடானாலும், அவள் அங்கே குடும்பமாக வாழ்ந்திருந்தால் அது அவள் வசிப்பதற்குரிய வீடே என்பது இப்போதைய நிலை.

பட்டாசு ஆபீஸில் கற்ற பாடம்

இனி, பாதுகாப்பு உத்தரவு என்பது என்ன என்று பார்ப்போம். இதை விளக்குவதற்குச் சிவகாசியை விடப் பொருத்தமான ஊர் கிடையாது.

பட்டாசு ஆபீஸைப் பார்த்திருப்பவர்கள் அறிவார்கள். அங்கே எல்லாரும் ஒரே பெரிய கட்டிடத்தில் உட்கார்ந்து வேலை செய்வதில்லை. சின்னச் சின்ன அறைகள். ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவே வெட்டவெளி. அறைக்கு இத்தனை பேர்தான், இவ்வளவு மருந்துதான் என்று கணக்கு. உடம்பிலுள்ள மின்சாரத்தைப் போக்கிக்கொள்ளச் செப்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போகவேண்டும். மருந்தின்மேல் யாருக்கும் கோபமில்லை. அதைத் தண்டிப்பதற்காக இவ்வளவும் செய்யவில்லை. வெடித்த பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லையாதலால், வெடிப்பதற்கு முன்னால் இடைவெளி விட்டு வைக்கிறார்கள். விதிகள் காற்றில் பறந்தால் என்ன நேருமென்பதை 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டி ஆலையில் முப்பதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டபோது தமிழ்நாடு கண்ணீருடன் தெரிந்துகொண்டது.

பாதுகாப்பு உத்தரவும் இத்தகைய இடைவெளிதான். மாஜிஸ்ட்ரேட்டு அதைப் போடும்போது புருஷனைக் குற்றவாளி என்று தீர்த்துச் சிறைக்கு அனுப்புவதில்லை. அவர்களுடைய விவாகத்தை ரத்துச் செய்வதுமில்லை. "இன்ன காரியங்களைச் செய்யாதே" என்று எழுத்தில் ஆணையிடுகிறார். சட்டத்தின் 18-வது பிரிவு அந்தக் காரியங்களைப் பட்டியல் போட்டுச் சொல்கிறது. அடிக்கவோ வேறு கொடுமை செய்யவோ கூடாது; பிறரைத் தூண்டிவிடவும் கூடாது. அவள் வேலை செய்யும் இடத்துக்குள் நுழையக் கூடாது. ஆபீஸ் வாசலில் நின்று கூலியைப் பறிக்கிற பேர்வழிகள் இதைக் கவனிக்க வேண்டும். நேரிலோ கடிதத்திலோ தொலைபேசியிலோ அவளுடன் தொடர்புகொண்டு தொல்லை செய்யக் கூடாது. நகையையும் பாத்திரத்தையும் சொத்தையும் விற்கக் கூடாது. அவளுக்கு உதவி செய்யும் உறவினரையும் அண்டை அயலாரையும் துன்புறுத்தக் கூடாது.

அடுத்த பிரிவில் இருப்பது குடியிருப்பு உத்தரவு. அவளை வீட்டிலிருந்து துரத்தக் கூடாதென்று மாஜிஸ்ட்ரேட்டு ஆணையிடலாம். அவசியமானால், புருஷனையே வீட்டை விட்டு விலகியிருக்கச் சொல்லலாம். அல்லது அவளுக்கு வேறு வீடு அமர்த்தி அதற்கு வாடகை கொடுக்கச் சொல்லலாம். வீட்டிலுள்ள பெண்களுக்கு எதிராக மட்டும் இந்த விலகும் உத்தரவைப் போடுவதற்கில்லை. மாமியாரைத் தெருவில் நிறுத்துவது சட்டத்தின் நோக்கமன்று.

2022-இல் சென்னை ஹைகோர்ட்டில் நீதிபதி ஆர். என். மஞ்சுளா அவர்கள் ஒரு குடும்ப வழக்கில் அளித்த தீர்ப்பை இங்கே நினைவு கூர்வது தகும். புருஷனை வெளியேற்றுவது ஒன்றே வீட்டில் அமைதி உண்டாவதற்கு வழியென்றால், அவனுக்கு வேறு வீடு இருக்கிறதா இல்லையா என்று பாராமல் அப்படியே உத்தரவிட வேண்டும் என்றார் அவர். அணுகுண்டைக் கண்டு அஞ்சுகிறவருக்குச் செய்யத்தக்க உபகாரம் அந்தக் குண்டைப் பக்கத்திலிருந்து அப்புறப்படுத்துவதுதான் என்ற பொருள்படவும் எடுத்துக் காட்டினார். சிவகாசிக்காரர்களுக்கு இந்த உவமையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

உத்தரவை மீறினால்? அப்போதுதான் குற்றம் பிறக்கிறது. ஒரு வருஷம் வரை சிறையும், 20,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். போலீஸார் வாரண்டு இல்லாமலே கைது செய்யலாம். ஜாமீன் கேட்பது உரிமையாகாது. மீறினான் என்பதற்கு அவளுடைய சாட்சியம் ஒன்றையே ஆதாரமாகக் கொண்டு கோர்ட்டு முடிவு செய்யலாம். நாலு சுவர்களுக்குள் நடப்பதற்கு நாலு சாட்சிகள் எங்கிருந்து வருவார்கள்?

உத்தரவு எத்தனை நாளைக்கு? அவளே வேண்டாமென்று மனுச் செய்யும் வரையில் அது உயிருடன் இருக்கும். அயல் நாடாகிய இலங்கையிலும் இதே 2005-ஆம் வருஷத்தில் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் ஒன்று வந்தது. அங்கே பாதுகாப்பு உத்தரவின் ஆயுள் அதிகமாய்ப் போனால் பன்னிரண்டு மாதம். இந்த அம்சத்தில் நமது சட்டம் தாராளமானது என்று சொல்லலாம்.

யார் கேட்கலாம், எங்கே கேட்கலாம்?

மனைவி மட்டுமல்ல, தாயார், சகோதரி, மகள், விதவையான மருமகள், மணமாகாமலே குடும்பம் நடத்தியவள் எல்லாரும் இந்தச் சட்டத்தை நாடலாம். மகன் அடிக்கிறான் என்று ஒரு தாயார் கேட்டாலும் சட்டம் செவி சாய்க்கும். கொடுமை செய்தவள் ஒரு ஸ்திரீயானாலும் அவள்மீதும் மனுச் செய்யலாம் என்பது 2016-இல் சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பினால் உறுதியாயிற்று.

கொடுமை என்றால் அடி மாத்திரமல்ல. ஓயாமல் இழித்துப் பேசுவது, பெண் குழந்தை பெற்றாள் என்று ஏசுவது, இஷ்டமில்லாத உறவுக்குக் கட்டாயப்படுத்துவது ஆகியவையும் சேரும். பணக் கொடுமையும் சேரும். வீட்டுச் செலவுக்குக் கொடாமலிருப்பதும், அவளுக்குச் சேரவேண்டிய பணத்தையும் சீதனத்தையும் பிடுங்கிக்கொள்வதும் வன்முறையே என்று சட்டம் பச்சையாகச் சொல்கிறது. ஜீவனாம்சப் பணம் கொடு என்று உத்தரவான பிறகும் அவன் கொடாவிட்டால், அவனுக்குக் கூலி கொடுக்கும் முதலாளியே அதில் ஒரு பகுதியைப் பிடித்து அவளிடம் கொடுக்கும்படி மாஜிஸ்ட்ரேட்டு ஆணையிடலாம். வாரக் கூலியில் நடக்கும் ஊர்களுக்கு இது மிகவும் பயனுள்ள பிரிவு.

எங்கே கேட்பது? அவள் இருக்கும் இடத்து மாஜிஸ்ட்ரேட்டு கோர்ட்டில் கேட்கலாம். பயந்துகொண்டு தற்காலிகமாகச் சாத்தூரில் தாய் வீட்டில் தங்கியிருந்தால் சாத்தூர் கோர்ட்டிலேயே மனுக் கொடுக்கலாம். அடித்தவனுடைய ஊருக்குத் திரும்பிப் போகவேண்டியதில்லை. மனுவை அவள் நேரே கொடுக்கலாம். அவளுக்காக வேறொருவரும் கொடுக்கலாம். சமூகநலத் துறையின்கீழ் பாதுகாப்பு அதிகாரி என்று ஒருவர் இருக்கிறார். நடந்ததைக் கேட்டு அறிக்கை தயாரிப்பதும், மனு எழுத உதவுவதும், வைத்தியத்துக்கும் தங்கும் விடுதிக்கும் ஏற்பாடு செய்வதும் அவருடைய கடமை. அவருடைய அறிக்கை இல்லாமற்போனாலும் மனுவைத் தள்ளக் கூடாதென்று 2022-இல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. வக்கீலுக்குப் பணமில்லையே என்ற கவலையும் வேண்டாம். வருமானம் எவ்வளவானாலும், பெண்ணாய்ப் பிறந்த எவருக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு என்று 1987-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. இரவு எந்நேரமானாலும் 181 என்ற எண்ணைச் சுற்றினால் தமிழ்நாட்டில் மகளிர் உதவி மையம் பேசும்.

ஆபத்து அவசரமானால் எதிர்க் கட்சியைக் கேட்பதற்கு முன்பே மாஜிஸ்ட்ரேட்டு இடைக்கால உத்தரவு போடலாம். உத்தரவின் நகல் இரு தரப்பாருக்கும் இலவசம். போலீஸ் ஸ்டேஷனுக்கும் ஒன்று போகவேண்டும்.

காகிதமும் தூரமும்

இவ்வளவு நல்ல சட்டம் இருந்தும் நூற்றுக்கு 14 பேர்தான் வாய் திறக்கிறார்கள் என்றால், கோளாறு எங்கே?

ஒரு கோளாறு தூரத்தில் இருக்கிறது. விருதுநகர் ஜில்லாவின் கலெக்டர் ஆபீஸ் விருதுநகரில். ஜில்லாக் கோர்ட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில். வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்தோ திருச்சுழிப் பக்கத்திலிருந்தோ ஒருத்தி அதிகாரியைப் பார்க்கப் புறப்பட்டால், பஸ் மாறிப் போய்த் திரும்புவதில் ஒரு நாள் கழிந்துவிடும். அன்றைக்குச் சரம் பின்னவில்லை, கூலியும் இல்லை. கூலி குறைந்தது ஏன் என்று வீட்டில் கேள்வி பிறக்கும். அதிகாரி அன்று வேறு வேலையாகப் போயிருந்தால் இன்னொரு நாள். சட்டத்தில் மனுக் கொடுத்த மூன்று நாளைக்குள் முதல் வாய்தா வைக்கவேண்டும் என்றும், அறுபது நாளைக்குள் முடிக்க முயலவேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. வாய்தாவுக்கு மேல் வாய்தா என்பது எப்படியிருக்குமென்று கோர்ட்டுப் படி ஏறியவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

2025 மே மாதம் 20-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு இந்தத் தூரத்தைக் குறைப்பதற்கு ஓர் ஆணை பிறப்பித்தது. ஜில்லாவில் மட்டுமின்றித் தாலுகாக்களிலும் பாதுகாப்பு அதிகாரிகளை அடையாளம் கண்டு நியமிக்க வேண்டும். ஏற்கெனவே செய்யாத ராஜ்யங்கள் ஆறு வாரத்துக்குள் செய்யவேண்டும் என்றது. சட்டம் அமலுக்கு வந்து பத்தொன்பதாவது வருஷத்தில் இப்படி ஓர் ஆணை வேண்டியிருந்தது என்பதே பல விஷயங்களைச் சொல்கிறது. மருந்து அறைக்குப் பக்கத்தில் மணல் வாளி இருக்கவேண்டும் என்று விதி செய்துவிட்டு, வாளியை இருபது மைலுக்கு அப்பால் பூட்டி வைத்தால் என்ன பிரயோஜனம்? ஒவ்வொரு தாலுகாவிலும் அந்த அதிகாரியின் பெயரும் தொலைபேசி எண்ணும் பஸ் நிலையத்திலும் ரேஷன் கடையிலும் பட்டாசு ஆபீஸ் வாசலிலும் எழுதித் தொங்கவேண்டும். வேறு வேலைகளுக்கு இடையில் இதையும் பார்ப்பவராக அவர் இருக்கக் கூடாது. தமிழ்நாட்டு சர்க்காருக்கு நமது கோரிக்கை இது.

மற்றொரு கோளாறு நம்மிடமே இருக்கிறது. சட்டம் குடும்பத்தைப் பிரித்துவிடும் என்று நமது வீட்டுத் திண்ணைகளிலேயே பேசிக்கொள்கிறோம். "அடிக்காதே" என்ற உத்தரவினால் ஒரு குடும்பம் பிரியுமானால், அந்தக் குடும்பத்தை அதுவரை சேர்த்து வைத்திருந்தது என்ன என்று கேட்கத் தோன்றுகிறது. பொய்ப் பிராது வந்தால் என்று சிலர் கேட்கிறார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். அடிக்காதே என்ற ஆணையினால் அடிக்காதவனுக்கு ஒரு நஷ்டமுமில்லை. வீட்டை விட்டு விலகும் உத்தரவினால் மட்டும் நஷ்டம் உண்டு. அதற்காகவே புருஷனுக்கும் தன் கட்சியைச் சொல்ல இடமிருக்கிறது. முப்பது நாளைக்குள் ஸெஷன்ஸ் கோர்ட்டில் அப்பீல் செய்யலாம்; நிலைமை மாறினால் உத்தரவை மாற்றும்படியும் கேட்கலாம். கோர்ட்டுகள் இந்த உத்தரவை இரு பக்கத்தையும் நிதானித்துப் போடவேண்டும் என்பதில் நமக்கு ஆட்சேபமில்லை. நிதானம் என்ற பெயரில் வருஷங்கள் ஓடக்கூடாது என்பதுதான் நமது கட்சி.

நேயர்களுக்கு ஒரு வார்த்தை

இந்தப் பத்திரிகையை வாசிக்கும் குடும்பங்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியும். மனு எழுதத் தெரியும். எந்த ஆபீஸ் எங்கே இருக்கிறதென்று தெரியும். அடுத்த தெருவில் இரவில் அழுகுரல் கேட்டால், "அவர்கள் வீட்டு விவகாரம்" என்று ஜன்னலைச் சாத்திக்கொள்ளவும் தெரியும். சட்டத்தின் 4-வது பிரிவு நம்மைப் போன்றவர்களுக்காகவே எழுதப்பட்டது. வன்முறை நடந்தது, அல்லது நடக்கப் போகிறது என்று நம்பக் காரணமுள்ள யாரும் பாதுகாப்பு அதிகாரிக்குத் தகவல் கொடுக்கலாம். நல்ல எண்ணத்துடன் சொன்னவர்மீது எந்த வழக்கும் வராது. கூட ஒரு நாள் பஸ் ஏறிப் போவது, ஒரு மனுவைப் பார்த்து எழுதிக் கொடுப்பது, வாய்தா நாளில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது – இவற்றுக்குப் பெரிய தியாகம் ஒன்றும் தேவையில்லை.

அடி நமது சொந்த வீட்டிலேயே விழுகிறதென்றால்? படித்த குடும்பங்களில் அது நடப்பதில்லை என்று சொல்வதற்கு நமக்குத் தைரியமில்லை. கல்லூரிப் பட்டமும் உத்தியோகமும் உள்ள வீடுகளில் கதவு சற்றுக் கனமாயிருக்கும்; சத்தம் வெளியே வருவதில்லை; அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வீட்டுப் பெண்மணிக்கும் சொல்கிறோம்: சட்டம் உங்களை விவாகரத்துச் செய்துகொள்ளச் சொல்லவில்லை. புருஷனை ஜெயிலில் போடவும் சொல்லவில்லை. நீங்கள் வாழும் வீட்டில் பயமில்லாமல் வாழ ஓர் இடைவெளியைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று மட்டுமே சொல்கிறது. காயம் ஆழமாகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. நடக்கப் போகிறது என்ற பயத்துக்குக் காரணம் இருந்தாலே போதும்.

விருதுநகரிலும் சிவகாசியிலும் அடுத்த வாரம் கூலி பட்டுவாடா ஆகும். அன்றிரவு ஏதாவதொரு வீட்டில் ஒருவன், "வெளியே போ!" என்று கத்தக்கூடும். வாசலில் வந்து நிற்கும் அந்தப் பெண்ணிடம் யாராவது ஒருவர், "அம்மா! போகவேண்டியவள் நீ அல்ல, விடிந்ததும் கோர்ட்டுக்குப் போகலாம், நானும் கூட வருகிறேன்" என்று சொல்வாரானால், இந்தப் பக்கங்களை எழுதிய பயன் நமக்குக் கிட்டிவிடும்.